நனைந்தது ஞானஸ்நானம் ஆகாது

"குற்றச்சாட்டு: 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணியளவில், என் மாமியாரைத் தாங்கிப் பிடிப்பதற்காக மட்டுமே சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறங்கிய என்னை, நான் கேட்காமலும் என்னைக் கேட்காமலும், ஞானஸ்நானம் பெற்றவள் என்று பதிவேட்டின் ஒன்பதாம் எண்ணில் எழுதிக்கொண்டது. அதே பதிவைக் காட்டி, 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி, எட்டு வார ஆயத்த வகுப்பை முடித்த எனக்கு ஞானஸ்நானம் தர மறுத்தது."

மனுவின் முதல் பத்தி இது. எழுதியவள் வக்கீலும் அல்லள், வக்கீல் குமாஸ்தாவும் அல்லள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கடைத்தெரு முனையில், மருந்துக் கடைக்கும் சாவி போடுகிறவருக்கும் நடுவே, எட்டடி அகலத்தில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். தெருவுக்கு அவள் ஜெராக்ஸ் அக்கா. தன்னைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் படித்த படிப்பெல்லாம் அந்த இயந்திரத்தின் மூடிக்கு அடியில் படித்ததுதான். தாளைக் கண்ணாடியில் வைத்து, மூடியை இறக்கி, பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வரும் நேரத்தில் அடுத்த தாளைப் படித்துவிடுவாள். ஓய்வூதியம் நின்றுபோனவரின் மனு, எல்லைச் சுவர் இடிந்தவரின் மனு, பட்டச் சான்றிதழைத் தொலைத்தவரின் மனு என்று இருபத்தொரு வருடம் ஊரார் குறைகளெல்லாம் அவள் கண்வழியே போயின. எந்த மனுவுக்குப் பதில் வந்தது, எது குப்பைக்குப் போனது என்பதையும் வாடிக்கையாளர்களே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அதிலிருந்து அவள் தானாகவே ஒரு இலக்கணம் வகுத்துக்கொண்டாள். தேதி முதலில் வர வேண்டும். குற்றச்சாட்டு ஒன்றிரண்டு வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு தாள் நிற்க வேண்டும். அழுகைக்கு இடம் கொடுத்தால் தேதி விட்டுப்போகும்.

கடையின் பின்சுவரோடு ஒட்டிய இரும்பு அலமாரியில் அவளுடைய சொந்தக் கோப்புகள் இருக்கின்றன. முதல் கோப்பு பிறந்த தேதி பற்றியது. பள்ளியில் சேர்த்த அன்று எழுத்தர் வாய்க்கு வந்த தேதியை எழுதிவிட்டார். அதன்படி அண்ணன் பிறந்து ஐந்து மாதத்தில் அவள் பிறந்திருக்கிறாள். முப்பது வயது வரை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் அவள்தான். பதினொரு கடிதம் எழுதினாள். அலுவலகத்தில் ஒருவர் சலித்துப்போய், "இதனால இப்ப என்னம்மா கெட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

"எங்க அம்மா பேர் கெட்டுப்போச்சு சார்."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பன்னிரண்டாவது கடிதத்துக்கு வேலை வைக்காமல் திருத்திக் கொடுத்தார்.

இரண்டாவது கோப்பு திருமணப் பதிவு. மணமகளின் சம்மதம் என்ற கட்டத்துக்கு நேராக இருப்பது அண்ணனின் கையெழுத்து. அவள் அடுத்த அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிடிக்காமல் இல்லை. கேட்டிருந்தால் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் கோப்பு. மூன்றாவது, கடையின் உரிமம். பல காலம் அது கணவர் பெயரில் இருந்தது. அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் நகல் இயந்திரத்தில் தாள் வைக்கும் தட்டை எந்தப் பக்கம் இழுப்பது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதையும் மாற்றி வாங்கினாள்.

நான்காவது கோப்புதான் இந்த மனு.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை அவள் விசுவாசி அல்லள். மாமியாரைச் சபைக்குக் கொண்டுவந்து விடுகிறவள், அவ்வளவுதான். கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிரசங்கம் முடியும்வரை கடையில் என்னென்ன தாள் தீர்ந்துபோயிற்று என்று மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பாள். மாமியாருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் பகை. ஞானஸ்நானம் எடுத்தே தீருவேன் என்று பெயர் கொடுத்துவிட்டார். தொட்டியோ மேடைக்கு அடியில், பலகைகளைத் தூக்கினால் தெரியும் ஒரு குழி. ஓடு பதித்த நான்கு படிகள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முதல் படியில் நின்றவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, மருமகள் வந்து பிடித்தால்தான் இறங்குவேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, உடுத்தியிருந்த புடவையோடு இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் பழைய போதகர். போதகர் ஏதோ கேட்டார், மாமியார் ஏதோ சொன்னார். போதகர் அவரைப் பின்னால் சாய்த்த நொடியில் மாமியாருக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. கைக்கு எது அகப்பட்டதோ அதைப் பற்றினார். அகப்பட்டது மருமகளின் கொண்டை. இருவரும் சேர்ந்து தண்ணீருக்குள் போனார்கள், சேர்ந்தே வெளியே வந்தார்கள். சபையார் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஒரு வரிகூடத் தடுமாறவில்லை.

பக்கவாட்டு அறையில் ஒரு மேசை. மேசையின் ஒரு புறம் வெள்ளைத் துண்டுகள் அடுக்கியிருந்தன, மறுபுறம் ஒரு நோட்டு. நடுவில் சபைச் செயலாளர். நாற்காலிகளுக்கு ஒரு பதிவேடு, பாட்டுப் புத்தகங்களுக்கு ஒரு பதிவேடு, குடைகளுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கும் மனிதர் அவர். ஈரம் சொட்டச் சொட்ட வந்தவளிடம் துண்டைக் கொடுத்து, பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் அது துண்டுக்கான நோட்டு என்றே நினைத்தாள். அடுத்த வாரம் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது தன் கையெழுத்தை ஏன் அடிக்கவில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஒரு துண்டுக்காக மனிதரை நச்சரிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வாழ்க்கையில் அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

விசுவாசம் அவளுக்கு மேடையிலிருந்து வரவில்லை. கடைக்கு வந்தது. ஞானஸ்நான வகுப்புக்கான பாடத் தாள்களை நகல் எடுக்க ஒவ்வொரு வருடமும் சபையிலிருந்து கொண்டுவருவார்கள். மொத்தம் எட்டுத் தாள், பழைய போதகர் தம் கையால் எழுதியவை. மை சரியாக விழுகிறதா என்று பார்க்க முதலில் எடுக்கும் பிரதியை யாரும் கேட்பதில்லை. அதை அவள் தூக்கிப் போடுவதுமில்லை. அப்படிச் சேர்ந்த தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எதிர்வாதம் எழுதத் தொடங்கினாள். பாவம் என்றால் என்ன, யார் தீர்மானிப்பது, மன்னிப்பு என்றால் செய்தவன் தப்பித்துக்கொள்வதா, என்று தாளின் ஓரம் போதாமல் பின்பக்கமும் நிறைந்தது. மூன்றாம் பாடத்தில் போதகர் எழுதியிருந்தார்: "தண்ணீர் மனிதனை மாற்றுவதில்லை. கிறிஸ்துவை நம்பியவன், தானே கேட்டு, தானே விரும்பி, தன் பழைய வாழ்வை அடக்கம் செய்ய இறங்குவதே ஞானஸ்நானம். நம்பிக்கையும் விருப்பமும் இல்லாதவன் நனையலாம். அது குளியல்." எட்டாம் பாடத்தின் கடைசியில், தொட்டிக்குள் கேட்கப்படும் கேள்வி இருந்தது. உன் சொந்த விருப்பத்தினால் இதைக் கேட்கிறாயா? அதற்கு நேரே ஒரு வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. இயந்திரம் தாள் சிக்கிக்கொண்டது என்று கத்தியது. அவள் கவனிக்கவில்லை. பள்ளியில், மணமேடையில், உரிம அலுவலகத்தில் அவளுக்குப் பதிலாக யார் யாரோ நிரப்பிய கட்டங்கள் எத்தனையோ. இங்கே உலகத்தைப் படைத்தவர் என்று சொல்லப்படுகிறவர், கையைப் பிடித்து இழுக்காமல், ஒரு கேள்வி கேட்டுவிட்டு, இடம் விட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அப்படிக் காத்திருக்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தெரிந்துகொள்ள அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. பென்சில் குறிப்புகளில் கேள்விக்குறிகள் குறைந்தன. ஒருநாள் கடையைத் திறக்கும் முன், பாதி ஏற்றிய ஷட்டருக்குப் பின்னால் நின்று, நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். சாவிக்காரர், "என்னக்கா, யார்கிட்ட பேசுறீங்க?" என்று எட்டிப் பார்த்தார். சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாயிற்று என்றாள்.

2023 ஜூலையில் வகுப்பில் சேர்ந்தாள். ஆறு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கமாகத் தலையாட்டும் மின்விசிறி. ஐந்தாம் பாடம்தான் அவளை உலுக்கியது. இறங்குவதற்கு முன் மனத்தில் பிடித்துவைத்திருப்பதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்றது அது. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய், அந்தக் கையெழுத்துக்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்றாள். எந்தக் கையெழுத்து என்றான் அண்ணன். அவனுக்கு நினைவே இல்லை. அவன் மறந்துபோனதையும் சேர்த்து மன்னிக்க வேண்டியிருந்தது, அதுதான் கடினமாக இருந்தது. மன்னித்தாள். ஆனால் திருமணப் பதிவைத் திருத்தச் சொல்லி எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. மன்னிப்பது வேறு, பிழையை அப்படியே விட்டுவைப்பது வேறு என்று ஓரத்தில் எழுதி, புதிய போதகரிடம் காட்டினாள். அவர் யோசித்துவிட்டு, சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளும் கோப்பில் இருக்கிறது.

வெள்ளை அங்கி தைத்தாயிற்று. தண்ணீரில் மிதந்து மேலே வராமலிருக்க விளிம்பில் சின்ன ஈயக் குண்டுகள் வைத்துத் தைப்பது வழக்கம். அதையும் தன் கையாலேயே செய்தாள். அப்போதுதான் செப்டம்பர் 17 வந்தது. ஆராதனை முடிந்து செயலாளர் அக்டோபர் 22ஆம் தேதி ஞானஸ்நானத்துக்கான பட்டியலைப் படித்தார். ஐந்து பெயர்கள். அவள் பெயர் இல்லை. அவள் நேரே அவருடைய மேசைக்குப் போனாள். அவர் சிரித்த முகத்தோடு ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே ஏழு வருடப் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ், அவள் பெயரில்.

"நீங்கதான் வாங்கிக்கவே வரலை, சிஸ்டர். ஒன்பதாம் நம்பர், பாருங்க. கையெழுத்து உங்களதுதானே?"

"என்னுதுதான் சார். துண்டுக்குப் போட்டது."

"துண்டுக்கு யாராவது பதிவேடு வைப்பாங்களா?"

"நீங்க வைப்பீங்கன்னு நினைச்சேன்."

பின்னால் நின்றவர் ஒருவர் இருமினார். செயலாளரின் சிரிப்பு மறைந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்தப் புத்தகத்தில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது என்றார். அப்படியானால் இருபத்திரண்டு வருடமாகத் தவறே நடக்கவில்லையா, நடந்ததை யாரும் திருத்தவில்லையா என்று அவள் கேட்டாள்.

"ஒருத்தருக்கு ரெண்டு தடவை குடுக்கக் கூடாது. ஞானஸ்நானம் ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணைத்தான் சார் நானும் கேக்குறேன். ரெண்டாவது கேக்கலை."

உறையை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். வைத்ததற்கும் ஒரு ரசீது கேட்டாள். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாள்.

புதிய போதகர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கும் சுபாவம். பழைய போதகர் இறந்துவிட்டபடியால் அன்று நடந்தது என்னவென்று தமக்குத் தெரியாது என்றார். இப்போது மனதார ஒப்புக்கொடுத்துவிட்டால், அன்று எடுத்ததே இன்று அர்த்தம் பெற்றுவிடும் அல்லவா என்று இதமாகக் கேட்டார். அன்று எதுவுமே எடுக்கவில்லை, அர்த்தம் பெறுவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். மூன்றாம் பாடத் தாளை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். கடைசியில், தொட்டிக்குள் உடன் இருந்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் சபையை நடத்தும் மூப்பர் குழுவில் வைத்துப் பேசுவதாகச் சொன்னார்.

தொட்டிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கல்லறையில். ஒருத்தி மனுதாரர். மீதி மாமியார்.

அங்கேதான் முடிச்சு. ஏழு வருடமாக மாமியார் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லும் சாட்சி ஒன்று உண்டு. நான் மட்டும் இறங்கவில்லை, என் வீட்டையே கூட்டிக்கொண்டு இறங்கினேன் என்று தொடங்குவார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சாட்சிக்காகவே முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அவருடைய சான்றிதழ் கூடத்தில் தொங்குகிறது. லேமினேட் செய்து கொடுத்தவள் மருமகள்தான்.

விஷயத்தைச் சொன்னபோது கணவர் தரையில் மேசை விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை நிமிராமல், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க. நான் வெளியூர் போயிருக்கேன்னு நினைச்சுக்கங்க" என்றார். மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அது போருக்கு அடையாளம்.

"ஒரே தொட்டி, ஒரே தண்ணி, ஒரே பாஸ்டர். எனக்கு ஞானஸ்நானம், உனக்கு மட்டும் குளியலா?"

"ஆமா அத்தை."

"ரொம்பத் துணிச்சல் வந்துடுச்சு உனக்கு."

"உங்க வீட்டுக்கு வந்த பிறகு வந்ததுதான்."

எழுதித் தர முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டார். பத்து நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே பேசின. எந்த மூடி எவ்வளவு சத்தத்தோடு வைக்கப்படுகிறது என்பதை வைத்தே யார் என்ன நினைக்கிறார்கள் என்று கணவர் ஊகித்துக்கொண்டார். ஊகித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த பழுது வேலைகளுக்கெல்லாம் ஆர்வத்தோடு கிளம்பிப் போனார்.

அக்டோபர் 5ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. கடை வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. இரண்டு தெருவை அந்த முழங்கால்களோடு நடந்து மாமியார் வந்திருந்தார். இருபத்தொரு வருடத்தில் அவர் கடைக்கு வருவது அதுவே முதல் முறை. வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். இயந்திரத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். இன்னொருவர் நகலை வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தார்.

"உன்னோடது செல்லாதுன்னா, என்னோடது செல்லுமா?"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எனக்குக் கேள்வியே காதுல விழலை" என்றார் மாமியார். "உடம்பெல்லாம் நடுங்குது. காதுல தண்ணி இரைச்சல். பாஸ்டரோட உதடு அசைஞ்சுது, அப்புறம் நின்னுது. சரி, ஆமான்னு சொல்லணும் போலன்னு சொன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீ குளியல் குளியல்னு சொல்லச் சொல்ல, எனக்கு ராத்திரி தூக்கம் போச்சு."

விடுங்கள் அத்தை, மனசுதான் முக்கியம் என்று சொல்லியிருக்கலாம். போதகர் அவளிடம் சொன்னதும் அதுதான், அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. எனவே அலமாரியைத் திறந்து பாடத் தாள்களை எடுத்தாள். வகுப்பில் கேட்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்காக இறங்கினீர்கள்? மாமியார் முதலில் முறைத்தார். பிறகு சொன்னார். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடத்திலிருந்தே அந்த ஆசை. அவருடைய கணவர், தாம் உயிரோடு இருக்கும்வரை கூடாது என்றுவிட்டார். நாற்பது வருடம், ஒவ்வொரு ஞானஸ்நான ஆராதனையிலும் பக்கவாட்டுக் கதவோரமாக உட்கார்ந்து, தண்ணீரின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவார். அவர் இறந்த பிறகு, தொட்டிக்கு நான்கு படி என்பதால், வீட்டுப் பின்கட்டில் இருக்கும் நான்கு படிகளில் மூன்று மாதம் ஏறி இறங்கிப் பழகினார். துணி காயப்போடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மருமகள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த மூன்று மாதம் கொடியில் காய்ந்த துணியே மறுபடி மறுபடி காய்ந்தது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

"யாராவது உங்களைத் தள்ளினாங்களா?"

"என்னை யாரு தள்ள முடியும்?"

"பயந்தீங்களா?"

"செத்தேன்னே நினைச்சேன்."

"நாலாம் பாடமே அதுதான் அத்தை. பழைய ஆள் சாகணும்."

மாமியார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவர் கண் கலங்கியது. அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க பயந்தீங்க, ஆனா அவர்கிட்ட வந்தீங்க. கேள்வி காதுல விழலை, ஆனா அதுக்குப் பதில் நாற்பது வருஷமா உங்ககிட்ட இருந்துது. நான் பயப்படவே இல்லை. ஆனா நான் உங்களைப் பிடிக்கத்தான் வந்தேன், அவர்கிட்ட வரலை. என்னை யாரும் கேட்கலை. கேட்டிருந்தாலும் அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னிக்கு இருக்கு. அதைச் சொல்ல விடமாட்டேங்கிறாங்க."

மாமியார் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். பேரம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கொண்டையைப் பிடித்து இழுத்தேன் என்று எழுத மாட்டேன், ஆதரவாகப் பற்றினேன் என்று எழுதுகிறேன் என்றார். ஆதரவாகப் பற்றினால் ஒரு கொத்து முடி கையோடு வருமா என்று மருமகள் கேட்டாள். சாவிக்காரர் அரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். கடைசியில் மாமியார் தாளைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்கவிடாமல் எழுதினார். எழுதியது இது:

"பயத்தில் நான் என் மருமகளின் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் முழுகியது என்னால், அவளுடைய விருப்பத்தால் அல்ல. போதகர் அவளிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஏழு வருடமாக நான் சொல்லிவரும் சாட்சியில் அவளைப் பற்றிய பகுதி தவறு."

கடைசி வாக்கியத்தை அவள் கேட்கவில்லை. மாமியாராகவே எழுதியது. முன்வரிசை நாற்காலியின் விலை அது என்று இருவருக்கும் தெரியும். அவள் அதை மூன்று நகல் எடுத்தாள்.

அக்டோபர் 8ஆம் தேதி, ஆராதனை முடிந்ததும், இருவரும் செயலாளரின் மேசைக்கு முன்னால் நின்றார்கள். போதகரும் அங்கே இருந்தார். மனு நான்கு பக்கம், இணைப்புகள் ஆறு. செயலாளர் முழுவதும் படித்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். தம் புத்தகத்தின்மேல் உயிரையே வைத்திருந்தார், அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வழி சொன்னார். பதிவு அப்படியே இருக்கட்டும். 22ஆம் தேதி மற்றவர்களோடு அவளும் தொட்டியில் இறங்கட்டும். போதகர் தலையில் கைவைத்து ஒரு ஜெபம் செய்வார். புதுப்பித்தல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். தண்ணீர் கிடைக்கும். அங்கி வீணாகாது. யாருக்கும் மனவருத்தம் இல்லை. வேண்டாம் என்றால், 22ஆம் தேதியே கைவிட்டுப் போகலாம், அடுத்த ஞானஸ்நானம் ஒரு வருடம் கழித்துத்தான்.

"புதுப்பித்தல்னா, அந்தக் கேள்வியைக் கேட்பீங்களா பாஸ்டர்?"

போதகர் செயலாளரைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொன்னார். "கேட்க முடியாது சிஸ்டர். அது ஞானஸ்நானத்துக்குத்தான்."

"அப்ப வேண்டாம். இல்லாததை எப்படி சார் புதுப்பிக்கிறது?"

செயலாளர் வாய் திறப்பதற்குள் மாமியார் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நான் சொன்னது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன், எழுபத்தஞ்சு வயசுல. உங்க பேனாவுக்கு மட்டும் என்ன அவ்வளவு வெக்கம்?"

செயலாளர் பதிவேட்டை மூடவும் இல்லை, திறந்து அடிக்கவும் இல்லை. ஒன்பதாம் எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர்தான் கையை நீட்டினார். மனுவை வாங்கி, அவளுடைய நகலில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரத்தோடு கையெழுத்திட்டார். 15ஆம் தேதி மூப்பர் குழு கூடுகிறது, முதல் பொருளாகவே இதை வைக்கிறேன் என்றார். அவர் குரலில் முன்பு கேட்டிராத ஓர் உறுதி இருந்ததாக அவளுக்குப் பட்டது. பட்டதை நம்பி அவள் கடைசிப் பத்தியை மாற்றவில்லை. மனுவில் அது எழுதியபடியே இருக்கிறது:

"ஆகவே மூப்பர் குழுவினர் கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைத் தெரிவிக்குமாறு கோருகிறேன். ஒன்று, ஒன்பதாம் எண் பதிவு பிழையானது என்று அதன் அருகிலேயே எழுதிக் கையொப்பமிட்டு, 22ஆம் தேதிப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கவும். அல்லது, நம்பாமலும் விரும்பாமலும் கேட்கப்படாமலும் தண்ணீரில் நனைந்தவர் எவரும் இச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவரே என்று எழுதிக் கையொப்பமிட்டு, மூன்றாம் பாடத்தைத் திரும்பப் பெறவும். இரண்டுக்கும் நடுவில் வேறொன்றை நான் ஏற்கமாட்டேன். எது எப்படியாயினும், 22ஆம் தேதி காலை நான் அங்கி அணிந்து தொட்டியின் முதல் படியில் நிற்பேன். எனக்குரிய கேள்வி கேட்கப்படும்வரை இறங்கவும் மாட்டேன், விலகவும் மாட்டேன். தங்கள் முடிவைக் காரணங்களுடன், தேதியிட்டு, அனைவரும் கையொப்பமிட்டு, 2023 அக்டோபர் 18ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் எனக்கு எழுத்துமூலமாகத் தரவும். வாய்மொழிப் பதில் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."